சத்தமில்லாத சக்கரம்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. குண்டசாலை.

இன்று மகன் ராஜூ வேலை முடிந்து வந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஆறு மணிக்கு ஊரடங்கு. ஒரு மாதமாக அவனுடைய சைக்கிளின் முன்சக்கரம் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் வரும். பள்ளத்தில் திரும்பும்போதே கேட்டுவிடும். பிள்ளை வந்துவிட்டான் என்று அப்போதுதான் உலை வைப்பேன். இன்று வாசலில் ஆள் நிழலைப் பார்த்துப் பதறிப்போனேன்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் ஓடியது.

"யாருடா செஞ்சது?"

"நாந்தாம்மா. கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ் போட்டேன்."

"பொய் சொல்லாத. ஒனக்குக் கழண்ட செயினையே மாட்டத் தெரியாது."

தலையைக் குனிந்துகொண்டான். "சந்தியில சைக்கிள் திருத்துற சுனில்தாம்மா. அவனேதான் மறிச்சான். பெயாரிங் குண்டெல்லாம் தேஞ்சிருச்சு, வழியில சக்கரம் இறுகி நின்னா ஊரடங்குல மாட்டிக்குவேன்னு சொல்லிப் புதுசு போட்டுக் குடுத்தான்."

சுனில். கலவரத்தன்று ராஜூவின் கைக்குழந்தையோடு அடைக்கலம் கேட்டு நாங்கள் அவன் கதவைத் தட்டியபோது விளக்கை அணைத்தவன். உள்ளே அவன் இருமியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு எந்த கிரீஸும் போதாது.

வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறான், பாவி. குறை சொல்ல இடமில்லை.

இனி ஐந்து மணிக்கே வாசலில் போய் நிற்க வேண்டும். இப்போதே கால் வலிக்கிறது.