மூன்றாம் நிமிடத்து அபசுரம்

ஹாம்பர்க், நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு போக்னா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ஸ்டுடியோவில் ஒரு சின்னச் சண்டை, அவ்வளவுதான்.

பியானோ மேதை ஒல்ஷான்ஸ்கி நம்ம லோட்ஸ் நகரத்தில் வாசித்த கச்சேரியின் பழைய ஒலிநாடாவை இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. ஆமாம், "செவிட்டுப் பய சுருதி சேத்த பியானோ" என்று மேடையிலேயே உங்களைத் திட்டி, அரங்கத்து வேலையிலிருந்து துரத்தவைத்த அதே கச்சேரி.

மூன்றாம் நிமிடத்தில் அந்த அபசுரம் வருகிறது. அங்கே அழுத்தியிருக்க வேண்டிய கட்டையை அடுத்த வரியிலேயே சரியாக அழுத்துகிறார், மணிபோல் ஒலிக்கிறது. உங்கள் சுருதியில் குறையே இல்லை அப்பா. அவர் விரல்தான் பக்கத்துக் கட்டையில் விழுந்திருக்கிறது.

"அதை வெட்டிட்டு வேற கச்சேரியிலேருந்து ஒட்டிடும்மா. மேதையோட பேரு என்னாகும்?" என்றார் முதலாளி டெட்லெஃப்.

"எங்கப்பா பேரு இருபது வருஷமா என்னாச்சுன்னு யாராவது கேட்டீங்களா? ஒட்டணும்னா வேற ஆளப் பாருங்க!"

அவர் அந்த இடத்தை இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. ஒன்று அனுப்பியிருக்கிறேன். உங்களைத் துரத்திய மேலாளர் வீட்டுக்கே போய்ச் சத்தமாகப் போட்டுக் காட்டுங்கள்.

உலர்ந்த காளான் கொஞ்சம் அனுப்புங்கள். நீங்கள் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஓசையையும் பதிந்து அனுப்புங்கள். என் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

தபால் நிலையத்தை மூடுகிறார்கள். இன்னொன்று, இசைத்தட்டின் இரண்டாம் பகுதியைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள். எட்டு முறை கேட்டேன். எட்டு முறையும் அழுதேன். அந்தப் பாவி அப்படி வாசித்திருக்கிறான். ஆனாலும் நான் மன்னிக்கவில்லை.

உங்கள் போக்னா