மான் கொம்புப் பிடி

அயகூச்சோ,
16 மார்ச் 1997

அன்புள்ள நெட்டைக்கொக்கு மரிசெல்லுக்கு,

உன் குள்ளி எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்கக் கோபமாக இருக்கிறது. போய் இறங்கியதும் எழுதுகிறேன் என்று பேருந்துப் படியில் நின்று கத்தினாய். லா பிளாட்டாவில் தபால் பெட்டியே இல்லையா? இல்லை, கல்லூரியில் சேர்ந்ததும் கை சுளுக்கிக்கொண்டதா?

நம் கொட்டகை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. லாரிச் சக்கரத்தில் நாம் செய்த உலை, அடிப்பதற்குத் தண்டவாளத் துண்டு, காற்றுக்கு உன் அம்மா தூக்கிப்போட்ட ஹேர் டிரையர், எல்லாம் அங்கேயேதான். டிரையரைப் பிடிக்க ஆளில்லாமல் செங்கல்லில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதுவும் தொணதொணவென்று இரைகிறது, ஆனாலும் உன் அளவுக்கு இல்லை.

கன்றுத் திருவிழாவில் மேசை போட்டேன். தனியாக. ஒரு பெரிய தொப்பிக்காரர் வந்து நீளக் கத்தியை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். "பொண்ணே, இதை யாரு அடிச்சது?" என்றார். கீழே ஏதோ விழுந்த மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். "உங்கப்பாவா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு கத்தியும் விற்கவில்லை. நீ இருந்திருந்தால், "இவதாங்க அடிச்சா, பயப்படாதீங்க, கடிக்க மாட்டா" என்று சொல்லி இரண்டையாவது விற்றிருப்பாய்.

அம்மாவிடம் திட்டு வாங்கினேன். எண்ணெயில் தோய்த்த கத்தியைப் பதப்படுத்த அவள் அடுப்பில் வைத்தேன். மறுநாள் டாக்டர் மனைவி, அம்மா இறைச்சி வைத்துச் சுட்டு விற்ற எம்பனாடாவை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். "ஏண்டி, மோட்டார் எண்ணெய் நாத்தமடிக்குதாம்! ஒண்ணு மாவைச் சுடு, இல்ல இரும்பைச் சுடு. ரெண்டையும் ஒரே அடுப்புல சுட்டா யாருடி தின்பா?" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளோடு மாவு பிசைய வந்தவள் நான். எனக்கு அந்த அடுப்பைவிட்டால் வேறு அடுப்பு ஏது?

நீ கிளம்பும்போது நம் முதல் கத்தியை, அந்தக் கோணல் கத்தியை, உன் பையில் திணித்தேனே, அதற்கு நீ கொடுத்த பத்து சென்டாவோ காசை உத்தரத்தில் ஆணி வைத்து அடித்திருக்கிறேன். கத்தியைச் சும்மா வாங்கினால் சிநேகம் அறுந்துபோகும் என்று பேருந்து நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகக் காசைத் தேடி எறிந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மான் கொம்பு பரணில் பத்திரம். நம்மில் யார் முதலில் குறையே இல்லாத கத்தி அடிக்கிறோமோ அதற்குத்தான் அந்தக் கொம்பு. ஞாபகம் இருக்கட்டும்.

பதில் போடு.

உன்
குள்ளி சுல்மா


லா பிளாட்டா,
3 ஏப்ரல் 1997

என் குள்ளிக்கு,

கோபிக்காதே. வந்த நாளிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. கட்டடப் படிப்பில் நாள் முழுக்கக் கோடு போடச் சொல்கிறார்கள். நான் நேராகக் கோடு போட்டதை நீ எப்போது பார்த்திருக்கிறாய்?

விடுதியில் எனக்குக் கிடைத்த அறைத்தோழி வனினா. ரொசாரியோக்காரி. நீ அவளைப் பார்க்க வேண்டும்! என் மணிக்கட்டில் இருக்கும் தீத்தழும்பைப் பார்த்து, "இது என்னடி, யாரு கடிச்சா?" என்றாள். நான் நம் கொட்டகைக் கதையை ஆரம்பித்தேன். விடியும்வரை கேட்டாள். காலையில் அவள்தான் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றுவாள். தண்ணீர் கொதிக்கவும் விடமாட்டாள், ஆறவும் விடமாட்டாள். ஒரே குடுவையில் மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டே பாடம் படிப்போம். வனினாவுக்கு ஓவியம் வரும். வனினாவின் அண்ணன் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். வனினா சொல்கிறாள், நான் முடியை வெட்டிக்கொண்டால் நன்றாக இருக்குமாம்.

ஒரு வேண்டுகோள். ஜூலை முதல் தேதி அவளுடைய பிறந்தநாள். உன் கையால் அடித்த கத்தி ஒன்று வேண்டும் என்று கிடந்து துடிக்கிறாள். செய்வாயா? என் தங்கமல்லவா?

உன் அம்மாவுக்கு என் முத்தம். எம்பனாடா நினைத்தாலே அழுகை வருகிறது.

உன்
மரிசெல்


அயகூச்சோ,
20 ஏப்ரல் 1997

அன்புள்ள மரிசெல்,

கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதிய கடிதமா, வனினாவைப் பற்றி எழுதிய கட்டுரையா என்று புரியாமல் இரண்டு தடவை படித்தேன்.

என்னோடு மாத்தே குடிக்கும்போது மட்டும் "கசக்குது, சர்க்கரை போடு" என்பாய். இப்போது யார் போட்டாலும் இனிக்கிறதா? முடியை வெட்டிக்கொள். உலைப் பக்கம் வராதவளுக்கு எப்படி இருந்தால் என்ன?

கத்தி செய்து தருகிறேன். நேரம் கிடைத்தால். ஆனால் கை தெரியாமல் பிடி செய்ய முடியாது. அவள் கையைத் தாளில் வைத்துச் சுற்றிவர வரைந்து அனுப்பு. எந்தக் கைப் பழக்கம் என்றும் எழுது. உன் கை எனக்கு வேண்டாம். கொட்டகைச் சுவரில் கரியால் வரைந்தது இன்னும் அழியவில்லை. கட்டைவிரல் பக்கம் மட்டும் மழைச்சாரலில் கொஞ்சம் மங்கியிருந்தது, மறுபடி இழுத்துவிட்டேன்.

வேறு செய்தி இல்லை. இங்கே யாருக்கும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அண்ணன் இல்லை.

சுல்மா


லா பிளாட்டா,
11 மே 1997

பொறாமைக்காரக் குள்ளிக்கு,

உன் கடிதத்தை வனினாவிடம் படித்துக் காட்டினேன். "ஐயோ, இவ என்னைக் கொன்னுட்டு அதே கத்தியைப் பரிசாக் குடுப்பா போலிருக்கே!" என்று கட்டிலில் விழுந்து சிரித்தாள். நீ விளையாட்டாகத்தான் எழுதினாய் என்று சமாதானம் சொன்னேன். விளையாட்டுதானே?

அவள் கை இதோடு இருக்கிறது. வலக்கைக்காரி. நகங்களையும் சேர்த்து வரைந்துவிட்டாள், நீ அதை விட்டு அளந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுட்டோம். நான் நம் கோணல் கத்தியை எடுத்தேன். வனினா வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்து, "இது கத்தியா, கரண்டியா? சூப் குடிக்கலாம் போலிருக்கு!" என்றாள். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அது கோணல்தானே, குள்ளி! ஆனால் விலா எலும்பைச் சுற்றி அது வளைந்து போன அழகைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜூலைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்
மரிசெல்


அயகூச்சோ,
22 ஜூன் 1997

மரிசெல்லுக்கு,

இந்தப் பொட்டலத்தில் இரண்டு கத்திகள் இருக்கின்றன. பெரியது வனினாவுக்கு. சிறியது உனக்கு.

இரண்டும் ஒரே இரும்பு. கால்வாயிலிருந்து நீயும் நானும் சகதியோடு இழுத்து வந்த லாரி ஸ்பிரிங் பட்டை. அதைத் தூக்கும்போது நீ வழுக்கி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கே யாருக்காவது அதையும் சொல்லிச் சிரித்திருப்பாய்.

வனினாவின் கையை உலைக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அடித்தேன். அந்த நகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் தகட்டைச் செக்கச்செவேலென்று எடுத்து எண்ணெயில் விட்டேன். டிங் என்று ஒரு சத்தம். நுனியிலிருந்து நடுவரை விரிசல். எண்ணெயைச் சூடாக்க மறந்திருக்கிறேன்! ஜூன் மாதத்துக் குளிரில், பச்சை எண்ணெயில்! சூட்டுக்கோலைக் காய்ச்சி எண்ணெயில் ஒரு முக்கு முக்காமல் தோய்க்கக் கூடாது என்று உன் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவள் நான். அப்போது என் நினைவு இரும்பில் இல்லை. விடுதியில் ஒரு குடுவை கைமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உடைஞ்சா உடையட்டும், விடுடி. யாருக்குன்னு இப்படி உசிர விடற?" என்றாள். நான் அடுத்த தகட்டை உலையில் வைத்தேன்.

இரண்டாவது தகடு உடையவில்லை. அரம் போட்டேன், உப்புத்தாள் போட்டேன், முகம் தெரியும்வரை தேய்த்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது நானே பயந்துபோனேன், மரிசெல். குறையே இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. ஆகவே நம் ஒப்பந்தப்படி மான் கொம்பை அதற்கே பிடியாகப் போட்டுவிட்டேன்.

இனி உன் வனினா எதில் சூப் குடிக்கிறாள் என்று பார்க்கலாம்.

உன்னுடையது சாதாரணம். பிடிக்கு உங்கள் வீட்டுப் பின்புறம் விழுந்த பிளம் மரத்திலிருந்து ஒரு துண்டு.

வழக்கம் உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு காசு அனுப்பிவிடுங்கள்.

சுல்மா


லா பிளாட்டா,
10 ஜூலை 1997

சுல்மா,

பொட்டலம் வந்தது.

வனினா விடுதி முழுக்க ஓடி ஓடிக் காட்டினாள். பேராசிரியர் ஒருவர் விலை கேட்டார். அவள் அண்ணன் மோட்டார் சைக்கிளில் அதற்காகவே வந்தான். எல்லோரும் என்னிடம், "உன் சிநேகிதி இவ்ளோ நல்லா அடிப்பாளா? நீ சொல்லவே இல்லையே" என்கிறார்கள். நான் வேறு எதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அந்தக் கொம்பைத் தாண்டில் ஊர் மலையில் நாம் இரண்டு பேரும் முள்ளில் கிழிபட்டு எடுத்தோம். ஒப்பந்தம் என்கிறாய். அந்தக் கத்தி நம்மிடம் இருக்கும் என்பதுதான் ஒப்பந்தம். முகம்கூடப் பார்க்காத ஒருத்திக்கு அதைக் கொடுத்துவிட்டு, எனக்கு உருளைக்கிழங்கு சீவும் கத்தி அனுப்பியிருக்கிறாய். இப்போது தினமும் மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு ரொட்டி வெட்டுகிறாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தானே நீ விரும்பினாய்?

கேட்டுக்கொள். வசந்த விடுமுறையில் அயகூச்சோவுக்கு வந்து உன்னோடு உலை மூட்ட வேண்டும் என்று வனினா சொன்னாள். "அவ யாரோடயும் பேச மாட்டா, போனா மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்குவா" என்று சொல்லித் தடுத்துவிட்டேன். சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை. என் உலையில் அவளுக்கு என்ன வேலை?

தாளில் ஒட்டியிருப்பது வனினாவின் காசு. ரொசாரியோவிலும் அந்த வழக்கம் உண்டாம், அனுப்பியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். என் காசை நான் அனுப்பவில்லை. எனக்கு நீ பரிசு எதுவும் தரவில்லை.

மரிசெல்


அயகூச்சோ,
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள மரிசெல்,

உன் கடிதத்துக்குப் பிறகு இன்னொன்று வரும், அதில் காசு இருக்கும் என்று இருந்தேன். தபால்காரர் எய்செபியோ வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா, "கழுத்து சுளுக்கிக்கும்டி, உள்ள வா" என்கிறாள். இனி வராது என்று தெரிகிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சிரித்ததைத் தாங்கிக்கொண்டிருப்பேன். நீ சேர்ந்து சிரித்தாய். அந்தக் கோணல் உன்னுடையது. முதல் நாள் குறடு பிடிக்கத் தெரியாமல் நீ அடித்த அடி. நிமிர்த்திவிடலாமா என்று அப்போதே கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், இது நம்முடையது என்று அடையாளம் தெரியும் என்றாய். அதை நீயே மறந்துவிட்டாயே என்றுதான் கொம்பை எடுத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் வயிறு எரிய வேண்டும் என்றுதான் அனுப்பினேன். எரிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வனினாவின் கத்திக்குத் தாளைப் பார்த்துப் பார்த்துப் பிடி செதுக்கினேன். உன்னுடையதற்குச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை அதைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது வெட்டிப் பார். உருளைக்கிழங்கானாலும் பரவாயில்லை.

வனினாவின் காசையும் உத்தரத்தில் அடித்துவிட்டேன். உன் காசுக்குப் பக்கத்தில் இல்லை, கதவு ஓரமாக. நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். அதுதான் எரிச்சல்.

போன வாரம் அந்தத் தொப்பிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்கப்பாவைப் பார்க்கணுமே, பொண்ணே" என்றார். குனிந்து ஒளிய மேசை இல்லை. "நான்தான்" என்றேன். "என்னது, நீதான் உங்கப்பாவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்கு ஒன்று அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொல்ல இங்கே எனக்கு யாரும் இல்லை.

இப்போது உன் கத்திக்கு வருகிறேன். காசு வாங்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனுப்பு என்று கேட்கவும் எனக்கு மனமில்லை. ஆகவே யோசித்து ஒரு முடிவு செய்திருக்கிறேன். அது பரிசு இல்லை. பரிசு இல்லை என்று நீயே எழுதிவிட்டாய். அது இரவல். இரவல் கொடுத்த கத்திக்குக் காசு தேவையில்லை, சிநேகமும் அறுந்துபோகாது. ஆனால் வாங்கியவள் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கையில்தான் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் எய்செபியோவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வசந்த விடுமுறைக்கு நாளிருக்கிறது. அவளையும் அழைத்துவருவதென்றால் வரட்டும். மாத்தே நான் போடுவேன். முதல் குடுவை உனக்கு, அப்புறம்தான் அவளுக்கு. டிரையர் பிடிக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

அதுவரை கத்திக்கு எண்ணெய் தடவி வை. நம் இரும்பு சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும்.

அம்மா கொட்டகைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். அடித்து முடித்துவிட்டேன். சுவர் பளிச்சென்று இருக்கிறது, உன் கை இருக்கும் இடத்தைத் தவிர.

இரவல் கொடுத்த
குள்ளி