அழாத குழந்தையின் படம்

மார்ச் 4, செவ்வாய்

மேட்ரன் இன்று என் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார். எங்கள் பிரசவ வார்டில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தால், பெற்றவர்கள் கேட்கும்போது ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். "உனக்குத்தான் கை நடுங்காது" என்றார். ஊசி போடும்போது நடுங்காது. இதற்கு?

எந்தப் பொத்தான் எதற்கென்றுகூடத் தெரியாது. முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 7, வெள்ளி

நாத்தனாரிடம் போனேன். பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். எதற்கென்று சொன்னதும் கடைக் கதவைச் சாத்தினாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அண்ணி, கேமரா கடிக்காது. மொதல்ல ஒழுங்கா பிடிங்க."

வெளிச்சம் நுழையும் துளை. அது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதற்கு ஷட்டர். வெளிச்சம் குறைந்த இடத்தில் கை கொடுக்க ஐஎஸ்ஓ என்றொரு எண். துளையின் எண் சின்னதானால் துளை பெரிது. இது ஏன் தலைகீழ்? "கண்டுபிடிச்சவன்கிட்ட கேளுங்க" என்றாள்.

தலை சுற்றுகிறது. படம் சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம் என்கிறாள். என் வேலையில் மறுபடி ஏது?

மார்ச் 12, புதன்

சோபாவில் தூங்கிய கணவரை எடுத்துப் பழகினேன். முகத்தைவிட குஷன் தெளிவாக விழுந்திருக்கிறது. எழுந்ததும் காட்டினேன். "பொணம் மாதிரி கெடக்கேன்" என்று சிரித்தவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

இதுவரை யாருக்கும் படம் தேவைப்படவில்லை. அப்பாடா.

மார்ச் 20, வியாழன்

இன்று வந்தேவிட்டது.

பெண் குழந்தை. மாதம் நிறைந்து பிறந்தவள். அழவில்லை. தகப்பன்தான் கேட்டான் — "சிஸ்டர், ஒரு போட்டோ...". அவனுடைய அம்மா மருமகளின் கட்டிலருகே நின்று, "பாக்காதம்மா. பாத்தா மறக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு வராந்தாவுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

எடுத்தேன். கேமராவின் திரையில் நன்றாகத்தான் இருந்தது. கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாமே கலங்கல். ஒன்றுகூடத் தேறாது. டியூப்லைட்டில் ஷட்டரை மெதுவாக வைத்துவிட்டேன், கையும் ஆடியிருக்கிறது. அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்? மதியம் குழந்தையைக் கொண்டுபோய்விடுவார்கள்.

பாத்ரூமில் நின்று நாத்தனாருக்குப் போன் போட்டேன். என்ன உளறினேனோ. அவள் மட்டும் நிதானமாக இருந்தாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம் அண்ணி. லைட்டை அணைங்க. ஜன்னல் பக்கம் போங்க. ஷட்டர் நூத்தி இருபத்தஞ்சுக்குக் கீழ வேணாம், ஐஎஸ்ஓவை ஏத்துங்க. முழங்கையை வயித்தோட ஒட்டி வச்சு, மூச்சை விட்டுட்டு அமுக்குங்க. கண்ணுல ஃபோகஸ் வைங்க."

கண் மூடியிருக்கிறதே என்றேன்.

"இமையில வைங்க."

தகப்பனிடம் போய் உண்மையைச் சொன்னேன். படம் சரியாக வரவில்லை, தப்பு என்னுடையது, இன்னொரு முறை எடுக்க விடுவீர்களா? அவன் என்னைப் பார்த்த பார்வை — திட்டியிருந்தால் தேவலை. பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"என்கிட்ட குடுங்க. நான் தூக்கிட்டு வரேன்."

அதுவரை அவள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தையல் வலியோடு ஒவ்வோர் அடியாக ஜன்னலுக்கு வந்தாள். துணியை விலக்கினாள். பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குக் கேமராவைத் தூக்க மனம் வரவில்லை.

"எடுங்க சிஸ்டர்" என்றாள்.

மூச்சை விட்டுவிட்டு அமுக்கினேன்.

மார்ச் 21, வெள்ளி

இமை முடிகள்கூடத் தெரிகின்றன. படத்தை அச்சிட்டுப் பெற்றவர்களிடம் கொடுத்துவிட்டேன். மேட்ரனிடம் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மார்ச் 24, திங்கள்

கொடுக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இன்று அந்த மாமியார் தனியாக வந்தார். கைப்பையை மார்போடு அணைத்தபடி, "எனக்கும் அந்தப் படம் ஒண்ணு வேணும்மா" என்றார்.

"உங்க மருமககிட்ட கேக்கலாமேம்மா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்கறது? பாக்காதன்னு சொன்னதே நான்தானே."

பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. வெளியே வந்து மருமகளுக்குப் போன் செய்தேன். திட்டுவாளோ, வீட்டில் சண்டை மூளுமோ என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "அங்கயே உக்காரச் சொல்லுங்க. நான் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். வராந்தா பெஞ்சில் மாமியாரை ஒட்டி உட்கார்ந்து, பர்ஸிலிருந்து படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"அவசரத்துல கண்ணாடிய வச்சுட்டு வந்துட்டேன். நீயே சொல்லேன்."

அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நெத்தி அகலம், அத்தை. முடி நெறைய. மூக்கு அப்படியே உங்க மூக்கு."

நான் உள்ளே போய் ஜன்னலின் திரைச்சீலையை விலக்கி வைத்தேன். ஆறாம் கட்டிலில் ஒரு போட்டோ கேட்டிருக்கிறார்கள்.