வள்ளக் காசும் மூன்று பங்கும்

பெப்ரவரி 3, செவ்வாய்

தூறல். குளிர் விரல் கணுவுக்குள் ஏறுகிறது.

கொப்பி, முதலில் உன்னிடம் மன்னிப்பு. என் எழுத்தில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பாதி வரியில் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. மீன் வெட்டுகிற கை. கத்தியைப் பிடிக்கிற மாதிரித்தான் பென்சிலையும் பிடிக்கிறது. எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகியவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதே. ஆனால் எழுதுகிறேன்! மேலே இருக்கிற 'செவ்வாய்' நான் எழுதியது. திரும்ப வாசித்துப் பார்த்தேன். செவ்வாய்தான்.

கோவில் மண்டபத்து வகுப்பில் எழுத்துப் படிப்பிக்கிற சிஸ்டர் சொன்னது: "ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ, மனதில கிடக்கிறதை எழுதுங்கோ."

மனதில் கிடப்பது எரிச்சல்.

கிழமைக்கு மூன்று காலை, லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் மீன் கடை வேலை. பின்னேரத்தில் கணினியில் போக்கர். பொழுதுபோக்கு இல்லை, உழைப்பு. சின்ன மேசைகள்தான். பத்துப் பவுணோடு உட்காருவேன், அதுதான் மேசைக் காசு. சீட்டு ஆட எழுத்துத் தெரியத் தேவையில்லை. இலக்கமும் படமும் போதும். அவை எனக்குக் கடலுக்குப் போன காலத்திலேயே தெரியும்.

ஆட்டத்துக்கென்று தனியாகக் கிடக்கிற காசுக்கு நான் வைத்த பெயர் வள்ளக் காசு. பேங்க்ரோல் என்பார் என் சிநேகிதர் குணா. எங்கள் மன்னாரில் எவனும் மீன் பிடிக்கிற வள்ளத்தை உடைத்து அடுப்பு எரிப்பதில்லை. அதே மாதிரி வள்ளக் காசில் பாலும் பாணும் வாங்குவதில்லை.

என் சட்டம்:
வள்ளம் இருநூறுக்குக் கீழே போனால் ஐந்து பவுண் மேசைக்கு இறங்க வேண்டும்.
ஒரு நாளில் இரண்டு தரம் மேசைக் காசு போனால் எழும்ப வேண்டும்.
நூறுக்குக் கீழே போனால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட வேண்டும். ஒரேயடியாக. வேறு காசு போடக் கூடாது. இது பிலோமினாவுக்குக் கொடுத்த வாக்கு.

(பிலோமினா என் மனைவி. பெயர் எழுதிக் கை வலிக்கிறது. இனி பி. வள்ளக் காசு இனி வ.கா.)

நாலு வருடத்துக்கு முன் தொடங்கியபோது வ.கா. அறுநூறு. இன்று இருநூற்றாறு. தோற்றுக்கொண்டா இருக்கிறேன்? இல்லையே. வெல்கிற நாள்தான் கூடுதல். பிறகு எங்கே போகிறது? வாளியில் ஓட்டை தெரிந்தால் அடைக்கலாம். தெரியவில்லை.

கை ஓய்ந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம்!


பெப்ரவரி 4, புதன்

வெயில் மாதிரி ஒன்று, பத்து நிமிடம்.

வாங்க வேண்டியது: பால், கத்தரிக்காய், பென்சில் (தடித்தது).

இருபத்துநாலு பவுண் வெற்றி. நல்ல மீன்.

வென்ற அன்றே மூன்றாகப் பிரித்துவிடுவேன். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு, அந்தோனியாருக்கு ஒரு பங்கு. எங்கள் கரை வழக்கம். மீனைப் பங்கு போடாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வீட்டுப் பங்கு பி. கையில். அந்தோனியார் பங்கு வீட்டில் அவர் சுரூபத்துக்குக் கீழே பிஸ்கற் தகரப் பேணியில். செவ்வாய்க்குச் செவ்வாய் கோவில் உண்டியலுக்கு.

நான் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பின்னால் இருந்து பி.:

"இஞ்சேருங்கோ, என்ர எட்டுப் பவுண்?"

"எட்டெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"உங்கட முதுகு. வெண்டா நிமிரும், தோத்தா கூனும். நாலு வருசமா அதைத்தானே பார்க்கிறன்."

கை நீட்டியபடி. கையெல்லாம் மஞ்சள் தூள். கொடுத்தேன்.

வ.கா. இருநூற்றுப் பதினாலு.


பெப்ரவரி 6, வெள்ளி

மழை. பேருந்தில் ஈரக் குடை மணம்.

கடையில் ஒரு பெண்: "அண்ணை, பாரை மீனைத் தலையோட தாங்கோ. ஆனா தலைக்கு நிறை போடாதேங்கோ." தலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறாவா? வெள்ளிக்கிழமை மீன் சனம் அள்ளிக்கொண்டு போனது. முதுகு உளைவு.

பின்னேரம் நாற்பது பவுண் போய்விட்டது. நாலு தரம் மேசைக் காசு. இரண்டோடு எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? கணினிக்குள் இருப்பவர்களுக்கு என் முகம் தெரியாது. அதுதான் எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே. அதுவே இன்று என் காசைத் தின்றது.

வ.கா. நூற்றெழுபத்துநாலு. சட்டப்படி நாளைக்கு ஐந்து பவுண் மேசை. அங்கே இருப்பவர்கள் எதற்கும் பயப்படாத கூட்டம். நல்ல சீட்டோடு காசை ஏற்றினாலும் ஒன்றுமில்லாத சீட்டோடு பின்னாலேயே வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நானா?

ஓட்டை எங்கே? சந்தேகங்கள்:
விளையாட்டுக் கொம்பனி களவு எடுக்கிறது.
வங்கி வெட்டுகிறது.
குணா படிப்பித்தது பிழை.

(சந்தேகம் என்ற சொல் அழகாக வந்திருக்கிறது. விஷயம்தான் அழகில்லை.)


பெப்ரவரி 7, சனி

மழை. விடவே இல்லை.

இறங்கவில்லை. அதே பத்துப் பவுண் மேசை. ஐம்பது போனது. வ.கா. நூற்றிருபத்துநாலு.

இன்னும் இருபத்துநாலு பவுண், பிறகு கரை. பிறகு பின்னேரங்களில் நான் என்ன செய்வேன்? யன்னலால் பேருந்து பார்ப்பதா?

பி. வெங்காயம் உரித்துக்கொண்டு:

"தவக்காலம் வருது. நோன்புக்கு இந்த முறை என்னத்தை விடுறியள்?"

"யோசிக்கேல்லை."

"யோசிக்கத் தேவையில்லை. அதுக்கிடையில உங்கட சீட்டு தானாவே போயிடும்."

சிரிப்பு வேறு. வெங்காயக் கண்ணீரோடு சிரிப்பு.

 கொப்பிக்குச் சொல்கிறேன்: போகாது.


பெப்ரவரி 8, ஞாயிறு

('ஞா' எழுத மூன்று முறை அழித்தேன். இப்போது பரவாயில்லை.)

பூசை முடிந்து வந்து குணாவுக்குப் போன் எடுத்தேன். குணா மலேசியாக்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கி, கணக்காளராக ஓய்வு பெற்று, லண்டனில் சட்டன் பக்கம் இருக்கிறார். எனக்குப் போக்கர் காட்டியவர். காது சரியில்லை என்று நான் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் கதைப்பேன். குசினி மேசையில் போன். பி. அடுப்படியில்.

எல்லாம் சொன்னேன். பங்கு பிரிக்கிற விதத்தையும் சொன்னேன். குணா கேட்டார்:

"என்னா அண்ணே, அந்தோனியார் உங்க பார்ட்னரா?"

"பகிடி விடாதேங்கோ குணா."

"பகிடி இல்ல லா. ஒரு நாள் முப்பது ஜெயிச்சா என்னா செய்றீங்க?"

"பத்து வீட்டுக்கு, பத்து அந்தோனியாருக்கு, பத்து வள்ளத்துக்கு."

"மறுநாள் இருபது தோத்தா?"

"வள்ளத்தில இருந்து போகும்."

"பொண்டாட்டி ஏதாச்சும் போடுவாங்களா? அந்தோனியார் போடுவாரா?"

"அவர் ஏன் போடுறார்?"

"அதான் சொல்றேன். ரெண்டு நாள் கணக்குல நீங்க பத்து பவுண்டு லாபம். ஆனா உங்க பேங்க்ரோல் பத்து பவுண்டு குறைஞ்சு போச்சு. ஜெயிச்சா மூணு பேரு, தோத்தா ஒரே ஆளு. ஆட்டம் நல்லாத்தான் ஆடுறீங்க அண்ணே. பங்கு போட்டே முழுகடிக்கிறீங்க."

"கரையில அப்பிடித்தானே பிரிக்கிறது," என்றேன். கோபம் வந்துவிட்டது. "பரம்பரையா அப்பிடித்தான்."

அப்போது அடுப்படியில் இருந்து பி., திரும்பிக்கூடப் பார்க்காமல்:

"கரையில எண்ணெய்க் காசு கழிச்சுப்போட்டுத்தான் பங்கு. மீன் படாத நாள் எரிஞ்ச எண்ணெயையும் சேர்த்துக் கழிச்சுப்போட்டு. எங்கட அப்பா கழிக்காமப் பங்கு போட்டிருந்தா நாங்கள் எப்பவோ பிச்சை எடுத்திருப்பம்."

அவள் அப்பா சம்மாட்டியார். மூன்று வள்ளம் வைத்திருந்தவர். நான் அவர் வள்ளத்தில் போனவன். அந்த எண்ணெய்க் கணக்கை எத்தனை முறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்! கடலில் மீன் இல்லாவிட்டால் எண்ணெய்தான் போகும். இங்கே தோற்கிற நாள்தான் எண்ணெய். அதை முதலில் நிரப்பிவிட்டு அல்லவா பங்கு போட்டிருக்க வேண்டும். எப்படி மறந்தேன்? மண்டையில் அடித்துக்கொள்ளலாம்.

குணா சிரித்தார். "அக்காகிட்ட கேட்டிருந்தா எனக்கு போன் போட்டிருக்கவே தேவையில்ல."

போனை வைத்த பிறகுதான் எனக்குத் தைத்தது.

"உனக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் மாசம் தொடக்கம்."

"ஏன் சொல்லேல்லை?"

"எனக்கு வாற பங்கை நான் ஏன் வேண்டாமெண்டு சொல்லோணும்?"

சோறு போட்டாள். சாப்பிட்டேன். நண்டுக் குழம்பு. நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.


பெப்ரவரி 9, திங்கள்

மப்பு வானம். கடை லீவு.

 கோபம் என்று எழுதிப் பார்த்தேன். கோவன்னா வடிவாக வந்தது. கோபம் கொஞ்சம் குறைந்தது. பிறகு கூடியது.

பத்து மணித் தேநீரோடு கேட்டுவிட்டேன்.

"காசுக்காகவோ பேசாம இருந்தனி?"

"காசோ? அந்தக் காசில ஒரு கம்பளிச் சட்டை வாங்கினன், உங்களுக்கு. அதைத்தான் போட்டிருக்கிறியள்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். நீலம்.

"அப்ப என்னத்துக்கு?"

"வாக்குத் தந்தனீங்கள், நூறுக்குக் கீழ போனா நிப்பாட்டுறன் எண்டு. சண்டை பிடிச்சு உங்களை நிப்பாட்ட ஏலாது. பங்கு வாங்கியே நிப்பாட்டுவம் எண்டு இருந்தன்."

இந்த மனுசியோடு நாற்பத்தெட்டு வருடம்! கணினிக்குள் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். என்னை வெட்டிய ஆள் பின்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் ஆடுறதில உனக்கு என்ன கஷ்டம்? குடிக்கிறனோ? ஊர் சுத்துறனோ?"

அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கோப்பையையே திரும்பவும்.

"பின்னேரம் முழுக்க உங்கட முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். ஒரு கதை சொன்னா 'பொறு, பொறு' எண்டு கை காட்டுறியள். முதுகோட எவ்வளவு நாளைக்குக் கதைக்கிறது?"

என் கோப்பையையும் முடித்து அவளிடம் நீட்டினேன். 

பின்னேரம் மேசையைத் திருப்பினேன். நான் தனியாகத்தான். மேசைக்கால் ஒன்று தரைப் பலகையைக் கீறிவிட்டது, கவுன்சில் வாடகைக்குத் தந்த வீடு, என்ன சொல்வார்களோ. வயர் எட்டவில்லை. நீட்டு வயர் தேடிக் கட்டிலுக்குக் கீழே தலையை இடித்தேன். இப்போது கணினியின் முதுகு அவளுக்கு. என் முகமும் அவளுக்கு.

"என்ன கூத்து இது?" என்றாள்.

"நாளைக்குப் பார்."

இன்று ஆடவில்லை. வ.கா. அதே நூற்றிருபத்துநாலு.


பெப்ரவரி 10, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

காலையில் கோவில். அந்தோனியாரிடம் நேரே சொல்லிவிட்டேன்: ஓட்டை அடைபட்டு, போன எண்ணெய் எல்லாம் திரும்பி வரும்வரை உமக்குப் பங்கு இல்லை, எனக்கும் இல்லை. அவர் முகம் மாறவில்லை. பேணியில் கிடந்த கடைசி எட்டுப் பவுணையும் போட்டேன். மெழுகுதிரிக்கு ஐம்பது பென்ஸ் என் சட்டைப் பையில் இருந்து. வ.கா. இல்லை.

பி.க்கும் அதே சட்டம் என்று சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவு லேசாக அவள் எதற்கும் சரி சொல்வதில்லை. பயமாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஆட்டத்துக்கு இருந்தேன். ஐந்து பவுண் மேசை. இறங்கியாயிற்று. வெட்கம்தான், ஆனால் அங்கே எவனுக்கும் என்னைத் தெரியாது.

பி. எதிரில், தேநீரோடு. தன் தமக்கை போனில் சொன்ன கதையைச் சொன்னாள். நான் 'பொறு' சொல்லவில்லை. பாதி கேட்டேன், பாதி சீட்டுப் பார்த்தேன். கதை நடுவில் நிறுத்தி:

"இப்ப நல்ல சீட்டு வந்திருக்கு, என்ன?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மூக்கை உறிஞ்சுறியள்."

இரண்டு இராசா வந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். பலன் இல்லை. ஒன்றுமில்லாத சீட்டோடு ஒருவன் பின்னாலேயே வந்து, கடைசிச் சீட்டில் வென்றான். ஐந்து பவுண் போனது. நான் சொன்னேன் அல்லவா, அந்தக் கூட்டம் அப்படித்தான்!

இன்னொரு ஐந்து போட்டேன். அதுவும் அரை மணியில் போனது. வ.கா. நூற்றுப் பதினாலு. காது சுட்டது. அவனைப் பிடிக்க வேண்டும், அவனை மட்டும். விரல் மூன்றாவது ஐந்துக்குப் போய்விட்டது.

"காணும், போதும். எழும்புங்கோ."

"இந்த ஒண்டு மட்டும் பிலோமினா."

"ரெண்டு தரம் போனா எழும்புறது எண்டு ஆர் சொன்னது? நானோ? முகம் கறுத்துப் போச்சு. எழும்புங்கோ."

எழும்பினேன். நாலு வருடத்தில் தோற்றுக்கொண்டிருக்கும்போது எழும்பியது இன்றுதான்.  கணினியை அவளே மூடினாள்.

பிறகுதான் கேட்டேன்.

"நீ பேசாம இருந்திருந்தா நான் இண்டைக்கே மிச்சத்தையும் விட்டிருப்பன். நூறுக்குக் கீழ போயிருக்கும். நீ நினைச்சது நடந்திருக்குமே."

"ஓம், தெரியும்."

"பிறகு ஏன் தடுத்தனி?"

குடையை எடுத்து உதறிக்கொண்டே சொன்னாள்:

"முதுகெண்டா பார்த்துக்கொண்டு இருந்திருப்பன். முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்பிடி விட ஏலாமக் கிடக்கு."

வள்ளம் மிதக்கிறது. பதினாலு பவுண் இடைவெளி, இருந்தாலும் மிதக்கிறது. மழை விட்ட நேரத்தில் பூங்காவைச் சுற்றி நடக்க வேண்டுமாம், இப்போதே வேண்டுமாம், சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "என்ன அங்க கிறுக்கிக்கொண்டு?" என்கிறாள். கொப்பி, அடுத்த கிழமை உன்னிடம் வருவேன், வள்ளத்தில் என்ன இருந்தாலும். இப்போது பொறு