அனிதா தேர்ந்தெடுத்த பிஸ்டன்

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆகாஷுக்கு,

சாம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன். கோதண்டம் அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே திரும்புகிறார். அனிதா போட்ட மாங்காய் ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடு, அப்புறம் படி.

உன் எஸ்டீம் காருக்கு நீ சொன்ன பிஸ்டனைப் போடவில்லை. இனி அதற்கு சூப்பர்சார்ஜர் கிடையாது. முடிவெடுத்தவள் உன் மனைவி அனிதா. வேலையைச் செய்தவன் நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். போன லீவில் வந்தபோது, இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆர்.கே.பேட்டை சாலையில் ஜல்லி லாரிகளுக்குப் பின்னாலேயே சுற்றினாய் அல்லவா? இன்ஜினைத் திறந்து பார்த்தால், அந்தத் தூசி உள்ளே போய் சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறல். எல்லாம் உன் கைங்கரியம். அரக்கோணத்து லேத்தில் கொடுத்துக் கடைந்து, புது பிஸ்டன் போட்டே தீர வேண்டும் என்ற நிலை. அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன்.

உனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. எப்படியும் பிஸ்டன் மாற்றுகிறோம், சூப்பர்சார்ஜருக்குத் தோதான கம்ப்ரஷன் குறைந்த பிஸ்டனாகப் போடு, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கப் போகிறேன், திரும்பும்போது சூப்பர்சார்ஜரோடு வருகிறேன் என்றாய். அடுத்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், அனிதாவிடம் பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னாய்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா, மச்சான்? இந்தப் பக்கத்தில் எந்த மெக்கானிக் ஷெட்டிலும் செய்யாத வேலை. என் ஷெட் பலகையில் என்ன எழுதலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சென்னையிலிருந்து என்னிடம் வரும் ஒருவர் தன் பழைய வண்டிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டியிருக்கிறார். அவர் சாமி கும்பிட வந்த அன்று, அனிதாவையும் வரச்சொல்லி அந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கவிட்டேன். அவள் சிரித்தபடி இறங்கினாள். யானை பின்னால் நின்று முட்டித் தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றாள். நல்லதை நல்லது என்று சொல்ல அவளுக்குக் கஞ்சத்தனமே கிடையாது.

அப்புறம் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்தக் கருவி இன்ஜினாலேயே பெல்ட்டில் சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அளவைக் குறைக்கிறோம் என்று விளக்கினேன். கருவி வருகிறவரைக்கும் வண்டி எப்படி ஓடும் என்று கேட்டாள். கொஞ்சம் மந்தமாகத்தான் ஓடும் என்றேன். எப்போது வரும் என்று கேட்டாள்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆகாஷ் வரும்போதுதான், இரண்டு வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லும்படி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

அவள் அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசமும் அது பாதி உசுரோட ஓடிக்கினு கெடக்கணும், அப்டித்தானேண்ணா?"

ஆமாம் என்றேன்.

"வர்றவரைக்கும் காத்துகினு கெடக்க அந்த வூட்ல நான் ஒருத்தி போதும்ணா. வண்டியாவது முழுசா ஓடட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். உடனே, காற்றைத் தள்ளாமல் இன்ஜின் தானாக இழுத்துக்கொள்கிற வழியிலேயே பலம் கூட்ட முடியாதா என்று கேட்டாள். முடியும் என்றேன். கம்ப்ரஷன் கூடிய பிஸ்டன், இன்ஜின் ஹெட்டில் காற்று போகும் வழியைத் தேய்த்துச் சீராக்குவது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை நல்லதாக மாற்றுவது, சைலன்சர் குழாயைக் கொஞ்சம் அகலமாக்குவது. யானை பலம் வராது, குதிரை மாதிரி ஓடும் என்றேன். குதிரை போதும் என்றாள்.

கேமிலும் என்னை விடவில்லை. நான் ரேஸ் கேம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். வேகம் ஏறிய பிறகுதான் அது வேலை செய்யும் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றாள். அம்மையார்குப்பத்தில் நெசவுக்காரர் வீடுகளில் சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கனகம்மாசத்திரம் போகிறவள் அவள். மூட்டையோடு மேடு ஏறும்போது எந்த கியரில் எங்கே திணறுகிறது என்று எனக்குத் தெரியாததெல்லாம் சொன்னாள். கீழ் வேகத்திலேயே இழுக்கிற கேம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டப் போகும்போது சூப்பர்சார்ஜரை எங்கே ஒளிப்பீர்கள் என்றும் கேட்டாள். 

நானும் எத்தனையோ பேருக்கு வண்டி பார்த்திருக்கிறேன். எல்லோரும் அடுத்தவன் வண்டியைப் பார்த்துத்தான் கேட்பார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்ட ஒரே ஆள் உன் மனைவி. கொடுத்து வைத்தவன்டா நீ. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்றுதானே அடுத்து கேட்பாய்? பின் சீட்டு நிறைய மூட்டையோடு மலை ஏறிப் பார்த்தோம். முன்பு இரண்டாவது கியருக்குக் கெஞ்சும் வளைவில் மூன்றாவதிலேயே ஏறிவிட்டது. சத்தமும் நீ ஆசைப்பட்ட மாதிரி வந்திருக்கிறது, ஃபில்டரைக் கழற்றாமலேயே.

புது பிஸ்டன் பழகும்வரை ஆக்சிலரேட்டரைப் பாதி மிதிக்கு மேல் மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி பொறுமையாகவே ஓட்டினாள். போன வாரம், பிஸ்டன் பழகிவிட்டது, இனி முழுசாக மிதிக்கலாம் என்றேன். மிதிக்கவில்லை.

"மொதல்ல அவரு மிதிக்கட்டும்ணா" என்றாள்.

எப்போது என்று நான் கேட்கவில்லை. உன்னை வரச்சொல்லி எழுது என்றும் அவள் சொல்லவில்லை. இந்தக் கடிதமே அவளுக்குத் தெரியாது. நீ பேசினால் சந்தோஷமாகத்தான் பேசுவாள், நல்லா சாப்பிடுங்க என்பாள், வேலை முக்கியம் என்பாள். அதை அப்படியே நம்பிவிடாதே.

நீ அங்கே இருக்க வேறு காரணம் இருந்தால் இரு, நான் யார் கேட்க? வண்டிக்காக என்று மட்டும் இனி சொல்லாதே. மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. கம்பெனிக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தரம் அவளைக் கேள்.

அவள் தணிகை முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறாள், நான் என் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருவரில் யார் முந்தினாலும் சரி, உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். இரண்டு வருஷமானாலும் பாதி மிதியிலேயே ஓட்டிவிடுவாள், ஆகாஷ். அவளால் முடியும். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சாம்