பொகவந்தலாவைக் காட்டில் ஒரு நீலப் புள்ளி

12 டிசம்பர் 2009, சனி.

இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியராக இடமாற்றம் கிடைத்து வந்து நான்கு மாதம். விடுமுறைக்கும் யாழ்ப்பாணம் போகவில்லை. அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்? தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய புதுப் போனில் வரைபடம் இருக்கிற தைரியத்தில், இன்று தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டுக்குள் தனியே நடந்தேன்.

அரை மணித்தியாலத்தில் சிக்னல் போய்விட்டது. திரையில் நான் மட்டும் நீலப் புள்ளியாக நின்றேன். சுற்றிலும் ஒரு பாதையும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். பனிமூட்டமும் இறங்கியது. நான் காட்டுக்குப் போனது ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

விறகு பொறுக்க வந்த ஒரு பெண் என்னைக் கண்டாள்.

“சேர், அங்கிட்டுப் போகாதீங்க, பெரிய பள்ளம். என் பின்னாலயே வாங்க.”

வழியில் கேட்டாள்: “வீட்டுல தேடுவாங்களே, சொல்லிட்டு வந்தீங்களா?”

“ஓம்” என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை போலும். றோட்டுக்கு வந்ததும் விறகுக் கட்டை இறக்காமலே சொன்னாள்: “அடுத்த தடவ எங்க லயத்து வீடுகள்ல சொல்லிட்டுப் போங்க சேர். வரலன்னா தேடி வருவோம்.”

இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.