டாக்டரிடம் அப்பா பேச வேண்டிய நான்கு வாக்கியங்கள்

அப்பா,

சலவைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி ஜன்னலோரம்.

போன வாரம் டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டியேம்மா, உடம்பு என்னோடதுதானே?" என்று நேற்று கேட்டீர்கள். நியாயம்தான். இன்று நீங்களே அவரிடம் பேசுங்கள்.

இந்த நாட்டு மொழி முழுவதும் வேண்டாம், நான்கு வாக்கியம் போதும். உங்கள் போனில் என் குரலில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். முதலாவது, "மெதுவாகச் சொல்லுங்கள்." ஒவ்வொன்றையும் கேட்டதும் நிறுத்தி, சத்தமாகச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் பத்து முறை சொன்னால் மறந்துவிடும். பல் தேய்க்கும்போது, சட்டை மாட்டும்போது, பஸ்ஸில் என்று விட்டுவிட்டுச் சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்வதில் புரிந்ததை, தெரிந்த சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். பிழையை அவரே திருத்துவார்.

மூன்று மணிக்கு அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருகிறேன்.

பி.கு.: ரத்தப் பரிசோதனை அறிக்கை மஞ்சள் உறையில்.

இன்னொன்று: நான்காவது வாக்கியம், "எதையும் மறைக்காமல் என்னிடமே சொல்லுங்கள்." அந்த இடத்தில் என் குரல் நடுங்கும். அதை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள்.